எடை போடாத கோட்டு

ஆக்லாந்தில் டஃபிள் கோட்டு போடும் அளவுக்கெல்லாம் குளிராது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னை அந்தக் கோட்டில் பார்த்த ஒவ்வொருவரும் அதைத்தான் முதலில் சொன்னார்கள். இங்கே பனி பெய்வதில்லை. மழைதான், அதுவும் பக்கவாட்டில் பெய்யும். குடையை விரித்தால் அது மறுபக்கம் மடங்கிக்கொள்ளும். வெளியே நடந்தால் வியர்க்கும், வீட்டுக்குள் உட்கார்ந்தால் விறைக்கும். காலையில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழியும். ஹீட்டரைப் போட்டால் கரன்ட் பில்லை நினைத்து உடம்பு தனியாக நடுங்கும். ஆகவே நான் கோட்டு வாங்கியது ஊருக்காக இல்லை, வீட்டுக்காக.

அப்போது நகரின் வடக்கே கிளென்ஃபீல்டில் வேறு மூன்று பெண்களோடு ஒரு வீட்டில் இருந்தேன். திருச்சியிலிருந்து வந்து இறங்கிய முதல் குளிர்காலம். ஜன்னலுக்குத் திரை வாங்கலாம் என்று, ஒரு தேவாலயத்தார் நடத்தும் பழைய சாமான் கடைக்குப் போனேன். திரை எதுவும் அளவுக்குச் சரியாக இல்லை. எரிச்சலோடு திரும்பும்போது ஆண்கள் சட்டைகளுக்கு நடுவில் அது தொங்கிக்கொண்டிருந்தது. ஒட்டக நிறம். தொட்டால் கம்பளி என்பதே தெரியாமல் ஜமக்காளம் போல் கெட்டியாக இருந்தது. உள்ளே கட்டம் போட்ட துணி, முதுகில் பெரிய தொப்பி, ஒரு தேங்காயை முழுசாகப் போடக்கூடிய இரண்டு பைகள். பொத்தான் கிடையாது. பொத்தானுக்குப் பதில் சுண்டுவிரல் நீளத்தில் கொம்பில் செதுக்கிய நான்கு கட்டைகள், எதிர்ப்பக்கம் நான்கு கயிற்று வளையங்கள்.

கல்லாவில் இருந்த வயதான அம்மாள், இது இங்கிலாந்தில் செய்தது, இப்போது இந்த மாதிரி வருவதில்லை என்றார். கப்பலில் வேலை செய்பவர்களுக்காக உண்டான கோட்டாம். கை உறை போட்டிருந்தாலும், விரல் மரத்துப்போயிருந்தாலும் கட்டையை வளையத்துக்குள் தள்ளிவிடலாமாம். எனக்குக் கப்பலும் தெரியாது, இங்கிலாந்தும் தெரியாது. ஆனால் விரல் மரத்துப்போன ஒருவனை மனதில் வைத்து யாரோ உட்கார்ந்து யோசித்து ஒரு உடுப்பைத் தைத்திருக்கிறார்கள் என்பது பிடித்துவிட்டது. அதைவிட அந்தக் கட்டைகள் பிடித்தன. எனக்குக் கை சும்மா இருக்காது. எந்தச் சட்டை போட்டாலும் இரண்டாவது பொத்தானைத் திருகித் திருகியே பிய்த்துவிடுவேன். பஸ் இரண்டு நிமிடம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துபோய்விடுகிற ஜென்மம். அந்தக் கட்டைகளை எவ்வளவு திருகினாலும் ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கூட இருந்த பெண்ணொருத்தி, செத்தவர்கள் உடுப்பாக இருக்கும், ஏன் எடுத்தாய் என்றாள். இருக்கலாம். இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டேன், கழுத்துக்கு உள்பக்கம் ஒரு பொட்டு மஞ்சள் வைத்தேன், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்றைக்கு ராத்திரி கோட்டோடேதான் தூங்கினேன்.

பிறகு மனுகாவில் ஒரு அலுவலகத்தில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை கிடைத்தது. வடக்கிலிருந்து தினம் தெற்கே வந்து போவதென்றால் பாதி வாழ்க்கை காரில்தான். அலுவலகத்துக்குப் பக்கமாக மனுரேவாவுக்குக் குடி வந்தேன். மன்னார்க்காரர் ஒருவருடைய வீட்டுப் பின்பக்கத்தில் தனியாக ஒரு அறை, ஸ்லீப்அவுட் என்பார்கள், அதில் வாடகைக்கு. வீட்டுக்கார அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். மீன் குழம்பு வைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் வரும். அந்தக் கம்பளி மட்டும் ஒரு தாளிப்பு வாசனையைப் பிடித்துக்கொண்டால் ஒரு வாரத்துக்கு விடாது, ரயிலில் பக்கத்துச் சீட்டு காலியாகவே இருக்கும். அதனால் கடுகு வெடிப்பதற்கு முன்னால் கோட்டைக் கொண்டுபோய்க் காரில் வைத்துவிட்டு வருவேன். அக்கா சிரிப்பார். மற்றவர்கள் நாயைத்தான் காரில் விட்டுவிட்டு வருவார்களாம்.

அந்த அக்காவின் தங்கை மகளுக்கு மன்னாரில் கல்யாணம். புறப்படும் அன்று காலையில் பெட்டி எடை கூடிவிட்டது. அக்கா தரையில் உட்கார்ந்து பால்மா பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பதும், மனசு கேட்காமல் மறுபடி உள்ளே வைப்பதுமாக இருந்தார். யாராவது இப்படித் தயங்கிக்கொண்டிருந்தால் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. ஓடிப்போய்க் கோட்டை எடுத்துவந்து அவருக்கு மாட்டிவிட்டேன். இந்தப் பைக்குள் இரண்டு, அந்தப் பைக்குள் இரண்டு, தொப்பிக்குள் பிள்ளைகளுக்கு வாங்கிய சாக்லெட். உடுத்தியிருப்பதை யாரும் எடை போடமாட்டார்கள் அக்கா, கவுன்டரில் கொஞ்சம் குளிருகிற மாதிரி நில்லுங்கள் என்றேன். அக்கா கர்ப்பிணிப் பெண் மாதிரி நடந்து போனார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வந்தவர் வாய் சும்மா இருக்கவில்லை. கோயிலில், மாதா கோயிலில், தமிழ்ப் பள்ளி வாசலில், டெய்ரி என்கிற தெருமுனைக் கடையில் பால் வாங்கும் வரிசையில் எல்லாம் என் கோட்டுப் புராணம்தான். ஊருக்குப் போகிறவர்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். யாரென்றே தெரியாதவர்கள் வாட்ஸ்அப்பில் தேதி போட்டு முன்பதிவு செய்தார்கள். பெரிய பைகளும், யாருக்கும் பொருந்துகிற அளவும், எவ்வளவு திணித்தாலும் கிழியாத தையலும் வேறு எந்தக் கோட்டில் இருக்கிறது? புதிதாக வாங்குகிற ஜாக்கெட்டுகள் மூன்று தேன் பாட்டிலுக்கே பையைப் பிய்த்துக்கொள்ளும். அந்த ஒரு வருடத்தில் என் கோட்டு யாழ்ப்பாணம் போனது, கோலாலம்பூர் போனது, மதுரை போனது. திருச்சிக்கு நான்கு முறை போனது.

நான் போகவில்லை. போக முடியாது. என் பழைய வேலை விசா முடிந்து, புதிய விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த காலம் அது. நடுவில் இருப்பதற்கு ஒரு இடைக்கால விசா தருவார்கள். அதை வைத்துக்கொண்டு இங்கே இருக்கலாம், வேலை பார்க்கலாம். நாட்டை விட்டு ஒரு அடி வெளியே வைத்தால் அது அந்த நிமிடமே செத்துவிடும், புதியது வரும்வரை உள்ளே திரும்ப முடியாது. எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் காலையில் எழுந்ததும் அந்த இணையப் பக்கத்தைத் திறப்பேன், ரயிலில் திறப்பேன், மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் திறப்பேன். ஒரே வரிதான் இருக்கும், பரிசீலனையில் இருக்கிறது என்று. ரோட்டில் யாராவது பெட்டியை இழுத்துக்கொண்டு போனால்கூடக் கோபம் வந்தது. மனுரேவாவுக்கு மேலே தாழ்வாகப் போகிற ஒவ்வொரு விமானமும் என்னைக் கேலி செய்துகொண்டு போவதாகத் தோன்றும்.

என் அவசரத்துக்குக் காரணம் அப்பா. அம்மா இப்போது உயிரோடு இல்லை. அப்பாவுக்கு நடுக்குவாதம். முப்பது வருடம் மின்கம்பம் ஏறிய கை இப்போது காபி டம்ளரைப் பிடித்தால் பாதி காபி வேட்டியில். அண்ணனும் அண்ணியும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். சட்டைப் பொத்தானை அண்ணி போட்டுவிடுவார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் அவருடைய குரல் சன்னமாகிக்கொண்டு வந்தது. விசா வருவதற்குள் அந்தக் குரல் இருக்குமா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கேள்வி. அதை யாரிடமும் கேட்கவில்லை.

சனிக்கிழமைகளில் வீடியோவில் பேசுவோம். என் அறை குளிராக இருக்கும், கோட்டு இரவல் போயிருக்கும் வாரங்களைத் தவிர எப்போதும் அதைப் போட்டுக்கொண்டு, தொப்பியையும் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். என்ன, சாக்குக்குள்ள உக்காந்திருக்கியா என்பார் அப்பா. வா என்று மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு நிதானமாக வா, இங்கே என்ன அவசரம் என்பார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். அவசரம் இல்லையென்று சொல்கிற மனிதரின் தாடை திரையில் ஆடிக்கொண்டிருக்கும்.

போக முடியாத எரிச்சலில் கோட்டுக்கு ஒரு சட்டம் போட்டேன். யார் வேண்டுமானாலும் இரவல் வாங்கலாம். திருச்சியில் இறங்குகிறவர்கள் மட்டும் இடதுபக்கப் பையை என் அப்பாவுக்கு விட்டுவிட வேண்டும். அதில் இங்கே பேர்போன மனுக்கா தேன், மூட்டுவலிக் களிம்பு, மெல்ல எளிதான மிட்டாய் வைத்து அனுப்புவேன். எங்கள் வீடு விமான நிலையத்திலிருந்து பத்து நிமிடம். சிங்கப்பூர் வழியாக வருகிற விமானம் காலையில் இறங்கும். கையில் மடித்துப் போட்டால் பையில் இருப்பதெல்லாம் கொட்டிவிடும் என்று, போட்டது போட்டபடியே எங்கள் வீட்டு வாசலில் போய் இறங்குவார்கள். கொடுத்துவிட்டு அப்பாவோடு ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள்.

முதலில் போனது ஒரு நர்ஸ். அப்புறம் மனுகாவில் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், அப்புறம் அவருடைய மனைவி. மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் கோட்டு நன்றாக இருந்தது. மூன்றிலும் அப்பா சிரிக்கவில்லை. இந்த நோய் வந்தால் முகம் அப்படித்தான் இறுகிவிடும் என்று நெட்டில் படித்திருந்தேன், அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காவதாக கிளென்ஃபீல்டிலிருந்து ஒரு பெண் போனாள். ஊர் வெயிலில் இதை எங்கே தூக்கிக்கொண்டு அலைவது, திரும்பும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது. அப்பா கோட்டைத் தரமாட்டேன் என்கிறாராம். அவள் கேட்க, அண்ணி கேட்க, அண்ணன் அதட்ட, ஒன்றும் நடக்கவில்லையாம். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துக்கொண்டாராம். அவள் வெறுங்கையோடு விமானம் ஏறிவிட்டாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த வாரப் பயணத்துக்குப் பக்கத்துப் பகுதியான பாப்பாகுராவில் ஒரு குடும்பம் அதை நம்பிப் பெட்டி கட்டி வைத்திருந்தது. மதிய இடைவேளையில் அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தினேன். ஒரு பழைய கோட்டை வாங்கித் தர உங்களால் முடியாதா, இதைக்கூட நான் அங்கே வந்துதான் செய்ய வேண்டுமா என்று கேட்டேன். அப்பா சாயங்காலம் ஆனால் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, நாலு கட்டையையும் தானே ஒவ்வொன்றாக வளையத்தில் மாட்டுகிறார், அதற்கே ரொம்ப நேரம் ஆகிறது, யாரையும் தொடவிடுவதில்லை என்று மட்டும் அண்ணன் சொன்னான்.

சட்டைப் பொத்தான் போடமுடியாத கைக்கு அது வசப்படுகிறது. அதுதான் விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். இருக்கட்டும், அவரிடமே இருக்கட்டும். பாப்பாகுராக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமை போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் அப்பா. நான் விளையாட்டாகத்தான் கேட்டேன், என் கோட்டு எப்பப்பா திரும்பி வரும் என்று. அவர் அண்ணனைப் பார்த்து, நீ போ என்பது போலத் தலையை அசைத்தார். அண்ணன் போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனான்.

"அதை இனிமே யாருக்கும் குடுக்காதம்மா," என்றார்.

"ஏம்ப்பா?"

"காலைல வாசல்ல உக்காந்திருக்கேன். கேட்டு தெறக்குது. அந்தக் கோட்டு உள்ள வருது. நீதான் வந்துட்டேன்னு எந்திரிச்சிடுறேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "கிட்ட வந்தா வேற யாரோ. நாலு தடவை எந்திரிச்சிட்டேன்."

அதற்குப் பிறகு அவர் வேறென்னவோ பேசினார். எதிர்வீட்டில் புதிதாக போர்வெல் போடுகிறார்களாம், சத்தம் தாங்கவில்லையாம். நான் ம் கொட்டிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டிய மனிதர், யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் நாலு முறை எழுந்திருக்கிறார். அந்த நாலு பேரையும் அனுப்பியது நான். தேனும் களிம்பும் கொடுத்து அனுப்பிவிட்டுப் படம் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகைகூட அப்புறம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அறையில் இருக்க முடியவில்லை. மனுரேவா ஸ்டேஷனுக்குப் போய் வந்த ரயிலில் ஏறி நகரம் வரை போனேன், இறங்காமல் அதே ரயிலில் திரும்பினேன், மறுபடி போனேன். டிக்கெட் பரிசோதிக்க வந்தவர் எங்கே போகிறாய் என்று கேட்டபோது டிக்கெட்டை மட்டும் நீட்டினேன். நான்காவது சுற்று முடிந்து மனுரேவாவில் இறங்கும்போது ஊருக்குப் போவதென்று முடிவு செய்திருந்தேன்.

திங்கட்கிழமை மேலாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர். விசா கையில் இல்லாதவளுக்காக நாற்காலியைக் காலியாக வைத்திருக்க முடியாது என்பதை அவ்வளவு தயங்கித் தயங்கிச் சொன்னார், கடைசியில் நானே அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. அக்காதான் விடவில்லை. சமையலறையில் என்னை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்.

"விசர்க்கதை கதையாதேயும் பிள்ளை," என்றார். "இவ்வளவு காலம் பொறுத்தனீர். இன்னும் கொஞ்சநாள் பொறும். இப்ப வெளிக்கிட்டீர் எண்டால் வேலையும் இல்லை, விசாவும் இல்லை. பிறகு எப்பிடித் திரும்பி வரப்போறீர்?"

"நான் எங்கக்கா பொறுத்தேன்?" என்றேன். "சும்மா உக்காந்திருந்தேன். அவ்வளவுதான்."

அக்கா கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசை. பிறகு, அறையை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன், போய்விட்டு வா என்றார். அவருடைய அப்பா போர்க்காலத்தில் இறந்துபோனவர் என்பதும் அக்கா அப்போது அங்கே இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

விமான நிலையத்தில் என் பெட்டி பாதிக்கு மேல் காலி. கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, இந்த விசாவோடு வெளியே போனால் இதே விசாவில் திரும்ப முடியாது, தெரியும்தானே என்று கேட்டாள். தெரியும் என்றேன். விமானம் மேலே ஏறும்போது ஜன்னல் வழியாக மனுகாவ் துறைமுகத்தின் சேற்றுத் தண்ணீர் தெரிந்தது. செய்தது சரியா என்று அப்போதும் தெரியவில்லை. உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை, இரண்டு முறை விமானப் பணிப்பெண் வந்து பெல்ட்டைப் போடச் சொன்னாள்.

திருச்சியில் காலை. நான் வருவதை அண்ணனிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அப்பா வாசலில் நாற்காலியில் இருந்தார். நான் கேட்டைத் திறந்தேன். அவர் பார்த்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. சாதாரண பருத்திச் சுடிதாரில் யாரோ ஒருத்தி வருகிறாள், அவ்வளவுதான். நான் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அவருடைய விரல்கள் என் விரல்களை இறுக்கின. பிறகு முதல் வார்த்தையாக அதைத்தான் கேட்டார்.

"விசா வந்துருச்சாம்மா?"

"வந்துருச்சுப்பா," என்றேன்.

விசா வர அதற்கப்புறம் ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் காலையில் அவருக்குக் காபி ஆற்றிக் கொடுத்தேன், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன், அவரோடு சண்டைகூடப் போட்டேன். லீவில் வந்திருப்பதாகத்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்; அது எப்போது முடிகிறது என்று அப்பா ஒருநாளும் கேட்கவில்லை.